நாலு டிக்

மூன்றாவது தடவையாக டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போக வேண்டிய நாளில், காலை ஏழு மணிக்கு, லாண்டரி அக்கா காரில் ஏறி உட்கார்ந்து இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டாள். எப்போதும் டிக்... டிக்... என்று சாப்பிட்ட பின் உலாவுகிற மனுஷன் மாதிரி நிதானமாகப் போகிற சத்தம், இன்றைக்கு டிக்டிக்டிக்டிக் என்று பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி ஓடியது. அணைத்துவிட்டு வலதுபக்கம் போட்டாள். அதுவும் அதே ஓட்டம்.

“ஒண்ணு” என்று அவள் வாயைத் திறப்பதற்குள் மூன்று போய்விட்டது.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. விளக்கு கொஞ்சம் வேகமாகக் கண்ணடித்தால் யாருக்கு என்ன? ஆனால் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அந்தச் சத்தத்தை வைத்துத்தான். முதல் டெஸ்ட்டில் சிக்னலே போடாமல் திருப்பித் தோற்றாள். இரண்டாவதில் சிக்னலும் சக்கரமும் ஒரே நேரத்தில் போனது. பக்கத்தில் இருந்த ஆபீசர், “அம்மா, சிக்னல் போடறது பின்னாடி வர்றவனுக்குச் சொல்றதுக்கு. போட்டாச்சுன்னு எனக்குக் கணக்குக் காட்டறதுக்கு இல்ல” என்று சொல்லி இறக்கிவிட்டார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து இரண்டு மிஷின் துணியை ஒரு வார்த்தை பேசாமல் துவைத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் அந்த வித்தையைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்தார். “நாலு டிக் எண்ணு. முதல் டிக்குக்கு உள்கண்ணாடி. ரெண்டாவதுக்குப் பக்கத்துக் கண்ணாடி. மூணாவதுக்குத் தோளுக்குப் பின்னாடி ஒரு பார்வை. நாலாவது முடிஞ்சதும் சக்கரம். நடுவுல வானமே இடிஞ்சு விழுந்தாலும் திருப்பாதே.” இரண்டு மாதமாக அக்கா நாலு டிக்கிலேயே வாழ்ந்தாள். படுக்கை விரிப்பை நாலாக மடிக்கும்போதும் எண்ணினாள், இஸ்திரிப் பெட்டியை நாலு தடவை ஓட்டிவிட்டுத்தான் துணியைத் திருப்பினாள். இப்போது காது எண்ணும், கண் போகும், கை திருப்பும். மூன்றும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் போகப் பழகிவிட்டன.

அதில் மண் விழுந்தாயிற்று.

“ஏங்க!” என்று காருக்குள்ளிருந்தே கூப்பிட்டாள். “வண்டிய என்ன செஞ்சீங்க?”

வீட்டுக்காரர் துவைக்கிற கொட்டகையிலிருந்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயது, கொஞ்சம் தொப்பை, மீசையில் மட்டும் கறுப்பு. முகத்தில் ஒரு பெருமை. பரிசு கொடுத்துவிட்டுப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் காத்திருக்கிறவர் முகம்.

“இறங்கி வா. பின்னாடி வந்து பாரு.”

பார்த்தாள். காரின் இரண்டு பின்விளக்குகளும், அதற்குள்ளேயே இருக்கிற இண்டிகேட்டரோடு, புதுசு. பத்து வருஷத்துக் காருக்குப் பளபளவென்று சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பொட்டலம்.

“எல்இடி” என்றார். “நேத்து நீ இஸ்திரி போட்டுட்டு இருந்தப்போ நானே கழட்டி மாட்டினேன். பழசு ரொம்ப மங்கலா எரிஞ்சுதும்மா. டெஸ்ட் எடுக்கிற ஆபீசர் பின்னாடி நின்னு பாப்பான். விளக்கே சரியா எரியலன்னு மூணாவது தடவையும் ஃபெயில் போட்டான்னா?”

“அதுக்காக இப்படி ஓடுதே, இது என்னங்க?”

“எது ஓடுது?”

அவள் மறுபடி ஏறி இண்டிகேட்டரைப் போட்டுக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பெருமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“நேத்து சத்தம் கேக்கலையே” என்றார்.

“மிஷின் ஓடுற சத்தத்துல எது கேக்கும்?”

அந்த வீட்டில் மிஷின் நிற்கிற நேரம் குறைவு. முன்பக்கம் இரண்டு அறையில் குடித்தனம், பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகையில் பிழைப்பு. இரண்டு பெரிய துவைக்கிற மிஷின், ஒரு பிழிகிற மிஷின், நீளமான இஸ்திரி மேஜை, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. மூன்று லாட்ஜின் விரிப்பும் தலையணை உறையும் துண்டும் அங்கேதான் வெளுத்தன. மழைக்காலம் என்பதால் இரண்டு மாதத்துக்கு மேலாகத் துணி வெயிலைப் பார்க்கவில்லை. கம்பியில் தொங்கிய விரிப்புகளுக்கு நடுவே குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். துணியை அள்ளி வருவதும் கொண்டுபோய்ப் போடுவதும் வீட்டுக்காரர் வேலை. அதற்காகவே காரின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, உள்பக்கம் முழுக்கப் பிளைவுட் அடித்து வைத்திருந்தார். வெளுத்த துணியில் இரும்புத் துரு படக் கூடாது.

அடுத்த மாதத்திலிருந்து நர்ஸிங் ஹோம் ஒன்று துணி தருவதாகச் சொல்லியிருந்தது. காலை ஒரு நடை, மதியம் ஒரு நடை. லாட்ஜையும் நர்ஸிங் ஹோமையும் ஒருத்தரே ஓட்ட முடியாது. “வீட்ல ரெண்டாவது டிரைவர் இருக்காங்களா?” என்று மேட்ரன் கேட்டபோது, வீட்டுக்காரர் கூசாமல் “இருக்காங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ரெண்டாவது டிரைவர் அப்போது சோப்புத் தண்ணீரில் முழங்கை வரைக்கும் நின்றுகொண்டிருந்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று. இன்றைக்குத் தோற்றால் அடுத்த டெஸ்ட்டுக்கு ஒன்றரை மாதம், அதுவரைக்கும் மேட்ரன் காத்திருக்க மாட்டாள்.

“மூணு மணிக்கு டெஸ்ட்டு” என்றாள் அக்கா. “என்னால இதுக்கு எண்ண முடியாது. சொல்லிட்டேன்.”

“மனசுக்குள்ளயே எண்ணேன்.”

“இந்தச் சத்தம் காதுல ஓடும்போது மனசு எங்க தனியா எண்ணும்? பக்கத்துல ஒருத்தன் ஏழு எட்டுன்னு கத்திட்டு இருந்தா நீங்க துண்டு எண்ணுவீங்களா?”

அது அவருக்குப் புரிந்தது. லாட்ஜில் துண்டு எண்ணும்போது மேனேஜர் பேச்சுக் கொடுத்தாலே அவருக்குக் கோபம் வரும். போனை எடுத்துப் பிளக்கைக் கூப்பிட்டார்.

பிளக்கு என்பது அவனுக்குத் தெரு வைத்த பெயர். வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவன், நாற்பது வயது, முனைக் கடை. லாண்டரி அக்கா ஊருக்கே அக்கா என்பதால் அவனுக்கும் அக்கா. அக்காவைக் கட்டியவர் மாமா. அந்த உறவு முறையை வைத்து அவன் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

ஒன்பது மணிக்கு வந்தான். இண்டிகேட்டரைப் போடச் சொல்லி ஒரு நிமிஷம் கேட்டான். சிரித்தான்.

“மாமா, யாரைக் கேட்டு மாட்டினீங்க?”

“ஏன் மாப்ளே, விளக்கு மாட்ட உன்கிட்ட மனு குடுக்கணுமா?”

“குடுத்திருந்தா இப்ப கூப்பிட்டிருக்க மாட்டீங்க.” ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு ஒரு சின்ன டப்பாவைத் தொட்டுக் காட்டினான். “அக்கா, இதான் ரிலே. டிக் டிக்னு அடிக்கிறது இதுதான். பழைய பல்பு கரண்டை நல்லா வாரிச் சாப்பிடும். இந்தப் புதுசு கொறிக்கும், அவ்ளோதான். ரிலேக்குக் கண்ணு கிடையாது. எவ்வளவு கரண்டு போகுதுங்கிறதுதான் அதுக்குத் தெரியும். ‘என்னடா இது, கரண்டு போறது குறைஞ்சிடுச்சு, பின்னாடி ஒருத்தன் அவுட்டு போல’ன்னு நெனச்சுக்குது. டிரைவருக்குச் சொல்லணுமேன்னு வேகமா அடிக்குது.”

“யாரும் அவுட்டு இல்லையே. ரெண்டும் எரியுதே.”

“அது அதுக்குத் தெரியாதே அக்கா.”

“பாவம்” என்றாள் அக்கா. கோபத்திலும் அவளுக்கு அந்த டப்பா மேல் இரக்கம் வந்தது. ஒரு துண்டு குறைந்தாலும் ராத்திரித் தூக்கம் வராத சாதி அவள்.

பிளக்கு பையிலிருந்து பொன் நிறத்தில் வரிவரியாக இரண்டு உலோகத் துண்டு எடுத்தான். ஒவ்வொன்றும் தீப்பெட்டியில் பாதி. “ரெசிஸ்டர். பல்புக்குப் பக்கத்துல இதையும் சேத்துக் கட்டிட்டா இதுவும் கரண்டு சாப்பிடும். ரிலேக்குத் திருப்தி ஆயிடும். பழைய வேகம் வந்துடும்.”

“இது என்ன வேலை செய்யும்?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“ஒரு வேலையும் செய்யாது மாமா. கரண்டைத் தின்னுட்டுச் சூடாகும்.”

“நம்ம லாட்ஜ் மேனேஜர் மாதிரின்னு சொல்லு.”

லாட்ஜ் மேனேஜர் பேச்சு வந்ததும் அக்காவுக்கு நெஞ்சில் சின்னதாக ஒன்று நெருடியது. போன வாரம் அந்த மனுஷன் போன் பண்ணி, நாலு விரிப்பில் காப்பிக் கறை அப்படியே இருக்கிறது என்று சத்தம் போட்டான். கறை பிரிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. இருபது வருஷமாக, மூட்டையை அவிழ்க்கும்போதே எது காப்பி, எது மை, எது மருந்து என்று தூர நின்று சொல்கிற ஆள். அவர் கை தாண்டி நாலு கறை போனது என்றால் நம்பக் கஷ்டமாக இருந்தது. “மழைக்கால அவசரம்” என்று அவரே சொன்னார், அவளும் விட்டுவிட்டாள்.

அவள் டீ போட உள்ளே போனாள். சமையலறையில் பல்பு கண்ணைக் கூசியது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இருந்த பல்பு போதவில்லை என்று இவர்தான் மாற்றினார். அதற்கு முன் காரின் முன்விளக்கு பல்பு மாற்றினார். பேப்பர்க்காரனிடம் அச்சு சரியில்லை என்று சண்டை போட்டார். வயசாக ஆக எல்லாரையும் குறை சொல்லக் கிளம்பிவிட்டார் என்று அவள் மகளிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மூன்று கிளாஸ் டீயும் ரொட்டியும் கொண்டு வருவதற்குள் பிளக்கு இரண்டு பக்கமும் ரெசிஸ்டரை ஒயரில் முறுக்கி வைத்துவிட்டான். “இப்ப போடு அக்கா.”

டிக்... டிக்... டிக்... டிக்.

அக்காவுக்கு உயிர் வந்தது. ஒண்ணுக்கு உள்கண்ணாடி, ரெண்டுக்குப் பக்கத்துக் கண்ணாடி, மூணுக்குத் தோள். நாலு. “பிளக்கு, நீ நல்லா இருப்படா” என்றாள். நாலு விளக்கும் சேர்ந்து எரிகிற பட்டனை அழுத்திவிட்டு, எத்தனை நேரம் நிற்கிறது பார்க்கலாம் என்று மூன்று பேரும் கொட்டகை வாசலில் நின்று டீ குடித்தார்கள். மழை தூறலாக ஆரம்பித்தது. வீட்டுக்காரர் தம் சாமர்த்தியத்தையும், இன்னும் அதிகமாக அந்த விளக்கு விற்ற கடைக்காரனின் நேர்மையையும் புகழ்ந்துகொண்டிருந்தார்.

துணி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வாசனை மட்டும் தூக்கத்திலும் தெரியும். இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றுவிட்ட வாசனை. அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். காரின் பின்கதவைத் தூக்கி, பிளைவுட் பக்கம் விரலை வைத்தவள், “ஆ!” என்று உதறினாள். பொன் நிறத் துண்டு சாய்ந்திருந்த இடத்தில் பலகை பழுப்பாகிக்கொண்டிருந்தது.

“நல்லா இருக்குடா நீங்க செய்யற வேலை” என்றாள் விரலை வாயில் வைத்தபடி. “துணி ஏத்தற வண்டியில இஸ்திரிப் பெட்டியை மறைச்சு வெக்கிறீங்களா ரெண்டு பேரும்?”

“இல்லக்கா, இரும்புல திருகி வெச்சா சூடு அதுல எறங்கிடும். சும்மா டெஸ்ட்டுக்குத்தான்...”

“இரும்பு எங்க இருக்கு? சுத்தியும் பலகை. பலகையை ஒட்டி விரிப்பு மூட்டை. ஒரு சிக்னல்ல நாலு நிமிஷம் நின்னோம்னா லாட்ஜ் துணி பூரா சாம்பல். கழட்டு அதை.”

பலகையைப் பெயர்த்து இரும்பில் திருகுவது அரைநாள் வேலை என்று பிளக்கே ஒத்துக்கொண்டான். அடுத்து ரிலேயையே மாற்றிப் பார்க்கலாம் என்றான். எல்இடிக்கு என்று தனி ரிலே உண்டு, அது கரண்டு குறைந்தால் பதறாது. பையைத் துழாவி ஒன்று எடுத்தான். காரிலிருந்து பழையதைப் பிடுங்கினால் அதற்கு இரண்டு கால். கையில் இருந்ததற்கு மூன்று. திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கால் குறைந்துவிடவா போகிறது?

“இதுக்குப் பொருந்தறது கடைத்தெருவுல சொல்லி வெச்சா நாளன்னிக்கு வரும்” என்றான். மணி பதினொன்று தாண்டியிருந்தது.

“பழசையே மாட்டுடா” என்றாள் அக்கா.

“வேணாம்” என்றார் வீட்டுக்காரர், சட்டென்று. “அது மங்கல். சொன்னேனே.”

“மங்கலோ குங்கலோ. பத்து வருஷமா எரிஞ்சது இன்னிக்கு ஒரு நாள் எரியட்டும். எங்க வெச்சீங்க?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

அவர் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. கொட்டகை மூலையில் சோப்புத் தூள் வாளிக்குப் பின்னால், பழைய துண்டில் சுற்றி, இரண்டும் பத்திரமாக இருந்தன. அக்கா எடுத்து வந்து பிளக்கு கையில் கொடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிளக்கு இடது பக்கத்தை முதலில் முடித்தான். மூன்று நட்டு, ஒரு சாக்கெட்டு, பத்து நிமிஷ வேலை. “அக்கா, பார்க்கிங் லைட்டைப் போடுங்க. எரியுதான்னு பாத்துட்டு அடுத்த பக்கம் போறேன்.”

போட்டுவிட்டு இறங்கி வந்து பின்னால் நின்றாள். மழை மேகத்தில் பகலே மங்கிக் கிடந்தது, விளக்குப் பார்க்கத் தோதான வெளிச்சம். வலப்பக்கம் புது விளக்கு. இடப்பக்கம் பழசு. இரண்டும் எரிந்தன. புதுசு கொஞ்சம் வெடுக்கென்று இருந்தது. பழசு கனிந்த தக்காளி மாதிரி நல்ல சிவப்பு. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வீட்டுக்காரரும் வந்து பக்கத்தில் நின்றார். நாலடி தூரம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இடது பக்கம் இன்னும் ஒயர் குடுக்கலையா மாப்ளே?” என்றார்.

பிளக்கு ஸ்க்ரூடிரைவரோடு நிமிர்ந்தான். விளக்கைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக மாமாவைக் கேலி செய்ய அவனுக்கு வாய் வரவில்லை.

“எரியுதுங்க” என்றாள் அக்கா மெதுவாக.

“எங்க?”

“நல்லா எரியுதுங்க.”

அவர் இரண்டு அடி முன்னால் போனார். குனிந்தார். விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்து, எடுத்து, வைத்துப் பார்த்தார். கையில் சிவப்பு விழுந்தது. அது தெரிந்திருக்க வேண்டும். நிமிராமல் அப்படியே நின்றார்.

“சிவப்பாத்தான் தெரியுது” என்றார். “எரியுதா, கண்ணாடி கலரே அதானான்னு தெரியல.”

பிளக்கு, “பேட்டரிக்குத் தண்ணி பாத்துட்டு வரேன் அக்கா” என்று முன்பக்கம் போனான். அந்தக் காரில் தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி கிடையாது. அவன் போனது நல்லதாகப் போயிற்று.

அக்காவுக்கு எல்லாம் வரிசையாக வந்தது. சமையலறை பல்பு, முன்விளக்கு, பேப்பர்க்காரன், நாலு காப்பிக் கறை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இந்தப் பூதம் இரண்டு மாதமாக எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறது, அவள்தான் பார்க்கவில்லை. முதலில் பயம் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. இவர் தினமும் காலையில் ஸ்கூல் தெரு வழியாகத்தான் லாட்ஜுக்குப் போகிறார்.

“எத்தனை நாளா?” என்றாள்.

“மழைக்காலம் ஆரம்பிச்சதுலேருந்து.” கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். “நான் மழைன்னு நெனச்சேன். வெளிச்சம் கம்மி, கண்ணாடியில ஈரம்னு நெனச்சேன். துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன். அப்புறம் பல்புன்னு நெனச்சேன்.”

“கண்ணுன்னு நெனைக்கவே இல்லையா?”

அவர் தூணை நகத்தால் சுரண்டினார்.

“ஸ்கூல் தெருவுல போறீங்களேங்க. புள்ளைங்க குறுக்க ஓடுமே.”

“அங்க நான் நடக்கிற வேகத்துலதான் போவேன். சத்தியமா. பின்னாடி இருக்கிறவன் எல்லாம் திட்டுவான். நான் போக மாட்டேன்.” அவளைப் பார்க்காமல் சொன்னார்: “திருப்பத்துலதான் பயம். ஒரு தடவை பாத்தா பத்தல. ரெண்டு மூணு தடவை பாத்தாத்தான் வண்டி வருதா இல்லையான்னு பிடிபடும். அதான் எண்ண ஆரம்பிச்சேன். நாலு டிக்கு வரைக்கும் பாக்கறது. அதுக்குள்ள ஒண்ணும் தெரியலன்னா திருப்பறது.”

அக்கா தூணின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப அது...”

“உனக்குன்னு கண்டுபிடிச்சது இல்லம்மா. எனக்குத்தான். உனக்கும் ஒத்து வரும்னு சொல்லிக்குடுத்தேன்.”

கம்பியில் தொங்கிய விரிப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பிழிகிற மிஷின் சரியாகப் பிழியவில்லை என்று எப்போதோ சொல்ல நினைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் மணி பன்னிரண்டு. அழுவதற்கு இன்றைக்கு நேரம் ஒதுக்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்ப அவர் தோளிலேயே போட்டாள்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா வண்டி நிக்கும். வண்டி நின்னா மிஷின் நிக்கும். நீ பாஸாயிட்டா சொல்லலாம்னு இருந்தேன்.” தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். “அதான் விளக்கு நல்லா இருக்கட்டுமேன்னு மாட்டினேன். அதுவே வெனையாப் போச்சு.”

அவளுக்கு அந்த நிமிஷம் அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இருந்தது, ஆனால் திட்டுகிற அளவுக்கு இல்லை. “பிளக்கு!” என்று குரல் கொடுத்தாள். “தண்ணி பாத்தது போதும். வந்து அந்தப் பக்கத்தையும் மாட்டு.”

சோறும் முட்டையும் வைத்து மூன்று பேரும் அவசரமாகச் சாப்பிட்டார்கள். புறப்படும்போதுதான் அடுத்த சிக்கல். பழகுகிறவள் ஓட்டினால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். வீட்டுக்காரர் வழக்கம்போல முன்சீட்டுக் கதவைத் திறந்தார்.

“நீங்க பின்னாடி” என்றாள் அக்கா. “பிளக்கு முன்னாடி. அவன்கிட்டயும் லைசென்ஸ் இருக்கு.”

“என்கிட்டயும் இருக்கும்மா. பக்கத்துல லைசென்ஸ் வெச்சிருக்கிறவன் உக்காரணும்னுதான் சட்டம். அவனுக்குக் கண்ணு தெரியணும்னு எங்க போட்டிருக்கு?”

சொன்னவரே முதலில் சிரித்தார். அப்புறம் பிளக்கு அடக்க முடியாமல் சிரித்தான். அக்கா சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள், அவளாலும் முடியவில்லை. அவர் பின்னால் ஏறி, சாயங்காலம் லாட்ஜுக்குப் போக வேண்டிய விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்தார். தம் காரில் மூட்டையோடு மூட்டையாக அவர் போவது இதுதான் முதல் தடவை.

வழியில் பதினோரு திருப்பம். ஒவ்வொன்றிலும் டிக்... டிக்... என்று பழைய நடை. பின்னாலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மற்ற நாளென்றால் “கிளட்ச்சு, கிளட்ச்சு” என்று உயிரை எடுப்பார்.

டெஸ்ட் நடக்கிற இடத்தில் அதே ஆபீசர். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, “வாங்க” என்றார், அவ்வளவு உற்சாகமில்லாமல். பின்னால் ஒருத்தர் நின்று விளக்கு எல்லாம் பார்த்துக் கையைத் தூக்கினார். வீட்டுக்காரரும் பிளக்கும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கார் கிளம்பியது.

அக்காவுக்குக் காலையிலிருந்து பட்ட பயத்தில், இந்த ஆபீசர் பயம் ஒரு மூலைக்குப் போய்விட்டது. முதல் திருப்பம் வந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எண்ணும்போதே தெரிந்தது, இது தன் கணக்கு இல்லை. கண் தெரியாத ஒருத்தர் தினமும் லாட்ஜுக்குப் போய்வரப் போட்ட கணக்கு. இரண்டாவது திருப்பத்தில் எண்ணிக்கொண்டே, கொஞ்சம் அதிகமாகவும் பார்த்தாள்.

“திருப்பறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் எடுத்துக்கறீங்க” என்றார் ஆபீசர், திரும்பி வந்து நின்றதும்.

“ஆமாங்க.”

“பரவால்ல. அவசரப்படறதுக்கு இது தேவலை.” தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவள் தாளை ஆட்டியபடி பெஞ்சை நோக்கி நடந்தாள். பிளக்கு தூரத்திலேயே பார்த்துவிட்டு எழுந்து கை தட்டினான். வீட்டுக்காரர், “என்னடா? என்ன ஆச்சு?” என்று அவன் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் அத்தனை பெரிசாக ஆட்டிய தாள் அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் அதை அவர் கையிலேயே கொடுத்தாள். கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு மடித்து, தம் சட்டைப் பையில் வைத்து, அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

பிளக்கு கடையைத் திறக்க வேண்டும் என்று பஸ் ஏறிவிட்டான். போகும்போது, “மாமா, அந்தப் புது விளக்கை நான் எடுத்துக்கறேன், கூலிக்கு” என்றான். “எடுத்துக்க மாப்ளே, உனக்காவது நல்லா தெரியட்டும்” என்றார் அவர்.

இருவரும் காருக்கு வந்தார்கள். பழக்கத்தில் அவர் ஓட்டுகிற பக்கத்துக்குப் போய்க் கதவுக் கைப்பிடியில் கை வைத்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து காரின் மாற்றுச் சாவியைக் கழற்றினார். நகம் தடித்துப்போனதால் அந்த வளையத்தைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் உதவிக்குப் போகவில்லை. கழற்றி அவள் கையில் வைத்துவிட்டு, காரைச் சுற்றித் தடவிக்கொண்டே போய் மறுபக்கம் ஏறினார்.

டெஸ்ட் நடக்கிற இடத்து வாசலில், ரோட்டுக்கு முன்னால், கொண்டுவந்து நிறுத்தினாள். இடதுபக்கம் போனால் வீடு. துணி இருக்கிறது, லாட்ஜ் இருக்கிறது, மழை வலுப்பதற்குள் கம்பியை மாற்றிக் கட்ட வேண்டும். அவள் இண்டிகேட்டரைப் போட்டாள். டிக்... டிக்...

“எந்தப் பக்கம் போட்டிருக்கே?” என்றார்.

“வலது.”

வலதுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கண் ஆஸ்பத்திரி. அதன் வாசலில் இரண்டு தடவை வண்டியை மெதுவாக்கி, நிறுத்தாமல் போனதை அவர் இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. முழங்காலில் கையை வைத்துக்கொண்டார்.

“லாட்ஜ் துணி?” என்றார்.

“போட்டுக்கலாம்.”

பிறகு அவர் எண்ண ஆரம்பித்தார், வாய்விட்டு, சத்தத்தோடு சத்தமாக. “ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு.”

கார் நகரவில்லை.

“நாலு முடிஞ்சுதும்மா. திருப்பு.”

“இருங்க. சைக்கிள் ஒண்ணு வருது.”

சாம்பல் நிற மழைக்கோட்டுப் போட்ட ஒரு ஆள், பின்னால் ஒரு குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் காருக்கு முன்னால் கடந்து போனான். அவர் கண்ணாடி வழியாக அந்தப் பக்கத்தையே பார்த்தார். சைக்கிள் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி” என்றார். “நீ பாத்துக்கோ.”

இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் இரண்டு பக்கமும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பினாள்.